ஓட்டுகிறவளின் நிறை

நார்த்மீட், சிட்னி
மே 4, 2025

என் அருமைத் தங்கச்சி கத்தரினுக்கு,

சுகமா என்று கேட்டால் நீ பதில் சொல்லமாட்டாய். ஆகவே கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக நீ போனை எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் என்னை அடைத்து வைத்திருக்கிறாய். உன் புருசன் றொகானுக்கு எடுத்தால், "மச்சான், என்னை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. நான் இப்பதான் வீட்டில திரும்பவும் சோறு காணுறன்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். தபால்காரனை அடைக்க உன்னால் ஏலாது. அதனால்தான் இந்தப் பல் வைத்தியன் பள்ளிக்கூடம் விட்ட பிறகு முதல்முறையாக ஒரு முழுத்தாளில் எழுதுகிறேன். எழுத்து விளங்காவிட்டால் மருந்துக் கடையில் காட்டு, வாசித்துச் சொல்வார்கள்.

முதலில் நல்ல செய்தி. உன் மருமகள் ஜெனோஜாவுக்கு நாள் வைத்துவிட்டோம். நவம்பர் 22, சனிக்கிழமை. மாப்பிள்ளை அனுஷன் நல்ல பிள்ளை, கொஞ்சம் கதை குறைவு, எங்கள் வீட்டுக்கு அது ஒரு கொடை. உன் மச்சாள் விமலா உனக்கும் றொகானுக்கும் கார்டு அனுப்புவாள். ஜெனோஜா எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருக்கிறாள்: "அப்பா, எனக்கு லிமோசின் ஒண்டும் வேண்டாம். நான் கறுப்பியிலதான் கோயிலுக்குப் போவன்."

கறுப்பி என்ற பெயரை வாசித்ததும் நீ இந்தக் கடிதத்தைக் கசக்கியிருப்பாய். பரவாயில்லை, நிமிர்த்தி மிச்சத்தையும் வாசி. பல்லரட்டுக்குப் பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டிலில் நாங்கள் இருவரும் கண்டெடுத்த அந்த 1934ஆம் ஆண்டு ஃபோர்ட், இப்போது நான்கு சில்லில் நிற்கிறது. அசல் பழைய பாணியில் பிரித்துக் கட்டின ஹொட் றொட். பெரிய எஞ்சின், மினுங்காத கறுப்பு நிறம், அந்தக் காலத்துச் சாமான்கள், ஒரு புதுப் பவுசும் கிடையாது. மற்றவர்கள் செய்கிற மாதிரிக் கூரையை மட்டும் வெட்டித் தாழ்த்தவில்லை. மணப்பெண்ணின் தலைச் சோடனைக்கு இடம் வேண்டுமே. எஞ்சினும் உள்ளே இறங்கிவிட்டது.

பின்பக்கம்தான் பிரச்சினை. பழைய ஷொக் அப்சோர்பர் இரண்டும் இறுகிக் கல்லாகிவிட்டன. அவற்றைக் கழற்றிய பிறகு பின் மட்கார்டை ஒருமுறை அமத்திவிட்டால் கறுப்பி கும்பிட்டுக் கும்பிட்டு எழும்புகிறாள், நிற்கிறாளே இல்லை. குழாய் மாதிரியான புது ஷொக் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். எங்கே, எந்தச் சரிவில் மாட்டுவது? பக்கத்து வீட்டு வரதராஜன் அண்ணரிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, ஆனால் அவர் ஒரு நாளைக்கு ஒரு யோசனை சொல்கிறார். சேசிஸ் உன் பகுதி, உடம்பு என் பகுதி என்றுதானே தொடக்கத்தில் பிரித்தோம். நீ சொல்லாமல் நான் ஓட்டை போடமாட்டேன்.

உன் அண்ணன்,
எமிலியானுஸ்


பொயிண்ட் குக், மெல்பேர்ண்
மே 17, 2025

அண்ணாவுக்கு,

கார் பாவம் என்பதற்காக எழுதுகிறேன். உங்களுக்காக இல்லை.

கள்ளன்கூடக் கதவை உடைத்துக்கொண்டுதான் வருவான். நீங்கள் நான் மன்னாருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, றொகானிடம் கராஜ் சாவியை வாங்கி, காரை ட்ரெயிலரில் ஏற்றி, அவர் ஊற்றித் தந்த பிளேன்ரீயையும் ஆறுதலாகக் குடித்துவிட்டுப் போனீர்கள். நான் வந்து கராஜைத் திறந்தால் சீமெந்தில் ஒரு எண்ணெய்க் கறை. அவ்வளவுதான் மிச்சம். அதன் பிறகு போனில், "கேட்டிருந்தால் நீ விடமாட்டாய்" என்றீர்கள். உண்மை, விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் கேட்கவேண்டும்.

றொகானை நான் மன்னித்துவிட்டேன். அவர் சமையல் பழகிவிட்டார்.

இனி ஷொக். நான் வேலைத்தலத்தில் நாள் முழுக்க றெயில் பெட்டிகளின் அடியில் இதைத்தான் பார்க்கிறேன், ஆகவே வரதராஜன் அண்ணரின் யோசனைகளைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள். பாரத்தைத் தாங்குவது வில், அதாவது ஸ்பிரிங். வில் துள்ளும்போது அதைப் பிடித்து அடக்குவது மட்டும்தான் ஷொக்கின் வேலை. கீழ் முனையைப் பின் அச்சில் மாட்டுங்கள். மேல் முனைக்குச் சேசிஸின் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு குழாய் வைத்து ஒட்டி, அதில் மாட்டுங்கள். இரண்டு ஷொக்கும் மேலே கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்திருக்கட்டும். அதிகம் சாய்த்தால் படுத்துக்கொள்ளும், வேலை செய்யாது. மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் ஒரே திசையைப் பார்க்காவிட்டால் ரப்பர் முறுகிச் செத்துப்போகும்.

இதுதான் முக்கியம். கார் தன் முழுப் பாரத்தோடு நிலத்தில் நிற்கும்போது ஷொக் பாதி திறந்து, பாதி மூடி இருக்கவேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் நீளவும் மேட்டில் சுருங்கவும் அதற்கு இடமிருக்கும். வெறுங்காரில் அளவெடுத்தால் எல்லாம் பிழைக்கும். கல்யாணத்தன்று ஏறப்போகிற ஆட்களின் பாரத்தை ஏற்றிவிட்டு அளவெடுங்கள்.

ஷொக்கைப் பிடிக்கிற பிறாக்கெட்டின் வடிவத்தைக் காலையில் தின்கிற சீரியல் பெட்டி மட்டையில் வெட்டி இதற்குள் வைத்திருக்கிறேன். மட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்ப ஏலாது, அதனால்தான் தபால். வேறொன்றும் நினைக்கவேண்டாம்.

கத்தரின்

ஜெனோஜாவுக்கு என் வாழ்த்தைச் சொல்லவேண்டாம். நானே சொல்லிவிட்டேன்.


நார்த்மீட்
ஆகஸ்ட் 24, 2025

அன்புத் தங்கச்சி,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று நீ கவலைப்பட்டிருக்கமாட்டாய், தெரியும். இரும்பு வெட்டி, அரத்தால் தேய்த்து, உன் மட்டையைப் போலவே பிறாக்கெட் செய்து முடிக்கவே இவ்வளவு காலம் போய்விட்டது. பகலில் மற்றவர்களின் வாய்க்குள் தேய்க்கிறேன், பின்னேரத்தில் கறுப்பியின் வயிற்றுக்குக் கீழே படுத்துத் தேய்க்கிறேன். விமலா என்னை இப்போது கால்களை வைத்துத்தான் அடையாளம் காண்கிறாள்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். ஆட்களுக்குப் பதிலாக அரிசி மூட்டைகள் வாங்கி, ஓட்டுகிறவருக்கும், எனக்கும், விமலாவுக்கும், கல்யாணப் பொம்பிளைக்கும் கணக்குப் பார்த்துச் சீற்றுகளில் அடுக்கினேன். புதுச் சீற் ஊத்தையாகாமல் பெட்ஷீற்றால் மூடினேன். வில் நன்றாகப் படியட்டும் என்று ஒரு இரவு முழுக்க விட்டேன். சனிக்கிழமை கீழே புகுந்து ஷொக்கைச் சரிபாதியில் வைத்து அளவெடுத்தேன். வரதராஜன் அண்ணர் அன்றைக்குப் பின்னேரமே பொட்டுப் பொட்டாக ஒட்டிவிட்டார். அடுத்த நாள் எங்கள் மடு மாதா திருநாள். கோயில் மண்டபத்தில் விமலாவின் குழு சமைத்த சோறும் கத்தரிக்காய்க் கறியும் இருக்கிறதே, நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மனம் நிறைந்த மனிதனுக்கு வயிறும் நிறையும்.

நேற்று ஆட்களை ஏற்றிப் பார்த்தோம். ஜெனோஜா, விமலா, விமலாவின் சிநேகிதி இராஜேஸ்வரி அன்ரி எல்லாரும் ஏறினார்கள். வரதராஜன் அண்ணர் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நீ வேதக்காரி என்று முகம் சுளிக்காதே, அவர் ஹெலன்ஸ்பர்க் இந்துக் கோயிலில் கும்பிட்டுக் கொண்டுவந்த பழம். பின்னால் தள்ளி எங்கள் வீட்டுச் சரிவால் இறக்கினோம். நான் ஸ்டியரிங்கில் பெருமையாக இருந்தேன். எலுமிச்சம்பழம் நசிந்தது. றோட்டுக்கு இறங்கும் இடத்தில் இருக்கிற சின்ன மேட்டில் ஏறியதும், டொக்.

அடிவயிற்றில் இரும்புக்கு இரும்பு அடித்த சத்தம். திரும்பவும் தள்ளி ஏற்றி இறக்கினோம். திரும்பவும் டொக். இராஜேஸ்வரி அன்ரி இறங்கி நின்று, "தம்பி, நான் மெலியவேணுமெண்டால் நேரா சொல்லலாம்" என்றா.

உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதே. நான் எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்த்துவிட்டேன். உன்னுடைய மட்டைதான் பிழை. மூன்று வருடம் காரைத் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தவளுக்கு அதன் அளவு எப்படி நினைவிருக்கும்?

எமிலியானுஸ்


பொயிண்ட் குக்
செப்டெம்பர் 1, 2025

அண்ணாவுக்கு,

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

மட்டையைப் பற்றி இன்னொரு சொல் சொன்னால் இதுதான் கடைசிக் கடிதம். மூன்று வருடம் தார்ப்பாய் போட்டிருந்தேன், ஓம். தார்ப்பாய்க்குள் ஒவ்வொரு மாதமும் துருவுக்கு எண்ணெய் பூசியது யார் என்று நீங்கள் யோசித்ததில்லை. ட்ரெயிலரில் ஏற்றும்போது கதவு நான்கும் சத்தமில்லாமல் திறந்ததே, தேவதூதர் வந்தா பூசினார்?

டொக் என்று கேட்டால் ஷொக் முழுக்க மூடிவிட்டது என்று அர்த்தம். முழுக்க மூடினால் நீங்கள் அளந்தபோது கார் உயரமாக நின்றது. உயரமாக நின்றால் பாரம் குறைவு. இதற்கு மட்டை என்ன செய்யும்?

போன புதன்கிழமை மருமகள் எனக்கு வீடியோவில் கூறைச்சீலை காட்டினாள். தேங்காய்ப்பூ நிறம், மெல்லிய கரை, அவளுக்கு நல்ல எடுப்பாக இருக்கிறது. கதையோடு கதையாக ஒன்று சொன்னாள். இந்த முறை திருநாளுக்கு அம்மா அரிசி வாங்கவே இல்லையாம். அப்பா முன்னமே வாங்கிக் காருக்குள் அடுக்கி வைத்திருந்தாராம். அப்பாவுக்குத் திடீரென்று மாதாவில் இவ்வளவு பக்தி வந்துவிட்டதே என்று அம்மா அழாக்குறையாம்.

மச்சாளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். மூட்டைகளை எப்போது இறக்கினா?

கத்தரின்


நார்த்மீட்
செப்டெம்பர் 7, 2025

என் தங்கமே,

கேட்டேன். கேட்டுவிட்டு கராஜ் நிலத்தில் இருந்து சிரித்தேன். விமலா முதலில் முறைத்தாள், பிறகு அவளும் பக்கத்தில் இருந்து சிரித்தாள்.

நடந்தது இதுதான். அந்தச் சனிக்கிழமை காலை நான் தேத்தண்ணி குடிக்க குசினிக்குள் போன நேரம், அவள் கராஜுக்குள் வந்திருக்கிறாள். பெட்ஷீற்றை விலக்கினால் மூட்டை மூட்டையாக அரிசி. கோயிலுக்குக் கொண்டுபோகத்தான் நான் ஏற்றி வைத்திருக்கிறேன், இந்த மனுசன் வாயால் சொல்லாமல் செயலால் காட்டுகிறார் என்று நெஞ்சு நிறைந்து, சமையல் குழுப் பெண்களைக் கூப்பிட்டு முக்கால்வாசியை அவர்களின் வானுக்குள் மாற்றிவிட்டாள். மிச்ச மூட்டைகளுக்கு மேலே சீலையையும் ஒழுங்காகத் திரும்ப விரித்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் வந்து அந்தச் சீலையை நம்பிக் கீழே புகுந்தேன். திங்கட்கிழமை அரிசியைக் காணவில்லைத்தான். வேலை முடிந்ததென்று அவள் குசினிக்குள் எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அரிசியே மறைந்த கதையை இப்போதுதான் பார்க்கிறேன்.

அதைவிடக் கொடுமை, என் சஸ்பென்ஷனை நானே இரண்டு தட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். கத்தரிக்காய்க் கறியோடு.

உன் மட்டை சரி. எண்ணெய் பூசியது எனக்குத் தெரியாது, கதவுகளைத் திறந்தபோது தெரிந்திருக்கவேண்டும்.

இனி அரிசியை நம்பமாட்டேன், ஆட்களைத்தான் ஏற்றப்போகிறேன். வரதராஜன் அண்ணர் ஒட்டின பொட்டுகளை வெட்டிவிட்டார், இப்போது குறுக்குக் குழாய் சும்மா கொழுவி நிற்கிறது. பொம்பிளை பின் சீற்றில், ஒரு பக்கம் நான், மறுபக்கம் விமலா. நாங்கள் மூன்று பேரும் தராசில் ஏறிவிட்டோம். விமலாவின் நிறையை எழுதினால் எனக்குச் சோறு கிடையாது, ஆகவே எழுதவில்லை.

ஓட்டுகிற சீற்தான் மிச்சம். மாப்பிள்ளை அனுஷன் தான் வந்து இருக்கவா என்று கேட்டான், வேண்டாம் என்றேன். ஒரு மணவிழாக் கார்க் கம்பனி தன் ஓட்டுநரை அனுப்புகிறோம் என்றது, அவனும் வேண்டாம் என்றேன். வரதராஜன் அண்ணர் கேட்காமலே ஏறி இருந்து பார்த்தார், இறக்கிவிட்டேன்.

ஷொக்கைச் சரிபாதியில் வைக்க எனக்கு ஓட்டுகிற ஆளின் நிறை வேண்டும். கத்தரின், உன் நிறை என்ன?

எமிலியானுஸ்


பொயிண்ட் குக்
செப்டெம்பர் 15, 2025

அண்ணாவுக்கு,

ஐம்பது வயது தாண்டிய பொம்பிளையிடம் தபாலில் நிறை கேட்ட முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கடிதத்தை றொகான் வாசித்துவிட்டு, "இதுக்கு மறுமொழி சொல்லாதை, சொன்னால் எனக்கும் தெரிஞ்சுபோகும்" என்றார்.

அரிசிக் கதையை வாசித்து நானும் சிரித்தேன். பஸ்ஸில் வைத்து வாசித்தேன், பக்கத்தில் இருந்த மனுசி தள்ளி இருந்தது. மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

நிறை சொல்லமாட்டேன். ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு காலம் சொல்லாமல் வைத்திருந்தது போதும்.

காரைக் கொண்டுபோனது கோபம்தான். ஆனால் கோபம் ஆறும், எனக்கு அது ஆறிவிட்டது. ஆறாதது வேறு. அந்தக் காரை எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நத்தாருக்கும் நீங்கள் மெல்பேர்ணுக்கு வருவீர்கள். நானும் நீங்களும் கராஜுக்குள் போனால் சாப்பாட்டுக்கு றொகானும் மச்சாளும் கூப்பிட்டுக் களைத்துப்போவார்கள். முதல்நாள் ஒன்று சொன்னோம். இந்த எஞ்சின் ஒருநாள் உயிர்பெறும், அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்போம் என்று. அதற்காகத்தான் அண்ணா நான் தார்ப்பாய்க்குள் படுத்து எண்ணெய் பூசினேன். வேலை கூடி, நேரமில்லாமல் போன வருடங்களிலும் பூசினேன்.

நீங்கள் எஞ்சினை இறக்கி, ஸ்டார்ட் பண்ணி, றோட்டிலும் விட்டுவிட்டீர்கள். அந்த முதல் சத்தத்தை நான் கேட்கவில்லை. அது இனி திரும்ப வராது. கல்யாணத்துக்கு வருவேன், அவள் என் மருமகள். ஆனால் கோயில் வாசலில் மற்ற ஆட்களோடு நிற்பேன். அந்தச் சீற்றில் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓட்டுநரைக் கம்பனியிடமே கேளுங்கள்.

கத்தரின்


நார்த்மீட்
செப்டெம்பர் 20, 2025

கத்தரின்,

என் இரண்டாவது கடிதத்தை எடுத்துப் பார். எறிந்திருக்கமாட்டாய், மட்டைத் துண்டுகளையே எறியாதவள் நீ.

தள்ளி இறக்கினோம் என்று எழுதியிருக்கிறேன். திரும்பவும் தள்ளி ஏற்றினோம் என்றும் எழுதியிருக்கிறேன். இந்த வயதில் நானும் வரதராஜன் அண்ணரும் ஒரு ஃபோர்டைச் சரிவில் தள்ளி ஏற்றி, இரண்டு நாள் முதுகில் தைலத்தோடு கிடந்தோமே, எஞ்சின் ஓடுகிற காரை எந்த விசரன் தள்ளுவான்?

அது இன்னும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு நாளும் ஸ்டார்ட் பண்ணவில்லை. வயர் எல்லாம் கொடுத்து, எண்ணெய் விட்டு, பற்றரி பூட்டி, மூன்று மாதமாக ஆயத்தமாக நிற்கிறது. றோட்டில் விட அனுமதிக்காகக் காரைப் பரிசோதிக்க வருகிற என்ஜினியர் இரண்டு தரம் கேட்டுவிட்டார், வருகிற மாத நடுவில் வாருங்கள் என்றேன். ஜெனோஜா கேட்டாள், வரதராஜன் அண்ணர் கெஞ்சினார். "ஆள் வரவேணும்" என்று மட்டும் சொன்னேன். எந்த ஆள் என்று எல்லாருக்கும் தெரியும், உனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

காரைக் கேட்காமல் கொண்டுவந்தேன், ஓம். கல்யாணத்துக்கு முடிக்கவேண்டும் என்ற அந்தரம். ஆனால் அந்தச் சத்தத்தைக் கொண்டுவரவில்லை. அது உனக்கும் எனக்கும் பாதிப் பாதி.

நீ வராவிட்டால் கறுப்பி கராஜிலேயே நிற்பாள், ஜெனோஜா டாக்சியில் போவாள். அவளிடமும் சொல்லிவிட்டேன், ஓம் என்றாள்.

சாவி இதற்குள் இருக்கிறது. என்னிடம் வேறு சாவி கிடையாது.

அண்ணா


பொயிண்ட் குக்
செப்டெம்பர் 25, 2025

அண்ணா,

உங்கள் இரண்டாவது கடிதத்தை எடுத்து வாசித்தேன். தள்ளினோம் என்று இரண்டு இடத்தில் இருக்கிறது. டொக்கைப் பார்த்தேன், தள்ளினதைப் பார்க்கவில்லை. றெயில் பெட்டியில் இப்படிப் பார்த்திருந்தால் என்னை வேலையால் நிறுத்தியிருப்பார்கள்.

சாவியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு நான் அழுதுகொண்டிருக்க, றொகான் வந்து தானே சமைக்கிறேன் என்றார். பாவம் மனுசன், பழகிவிட்டது.

நிறை சொல்லமாட்டேன். எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன். ஒக்டோபர் 4 சனிக்கிழமை டூல்ஸ் பெட்டியோடு வருகிறோம். நான் அந்தச் சீற்றில் ஏறி இருக்கிறேன், நீங்கள் கீழே புகுந்து அளவெடுங்கள்.

சேசிஸில் முட்டுற ரப்பரை வாங்கி வையுங்கள். ஷொக் மூடுவதற்கு முன் ரப்பர் முட்டவேண்டும். அரிசி மூட்டை ஒன்றும் கராஜுக்குள் இருக்கக்கூடாது.

உங்கள் தங்கச்சி,
கத்தரின்


நார்த்மீட்
நவம்பர் 23, 2025, ஞாயிறு காலை

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நீங்கள் கல்யாணக் களைப்போடு ஞாயிறு பூசைக்குப் போயிருக்கிறீர்கள். எனக்குத் தலையிடி என்று நின்றுவிட்டேன். தலையிடி இல்லை.

முதலில் நேற்றைய கதை. ஆட்களுக்கு நடுவில் உங்களோடு இரண்டு வார்த்தை கதைக்க முடியவில்லை. வீட்டு வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடிய, வரதராஜன் அண்ணர் எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்து சில்லுக்கு வைத்தார். ஃபாதர் பார்த்துக்கொண்டே நின்றார். கறுப்பி இரண்டு பக்கத்து ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொண்டு புறப்பட்டாள்.

கோயிலுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கிற அந்தப் பெரிய வேகத்தடையைக் கண்டதும் பின்னால் உங்கள் மூச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தீர்கள். மகளுக்காகத்தான் செபிக்கிறீர்கள் என்று மச்சாள் நினைத்திருப்பா. எனக்குத் தெரியும், ஷொக்குக்காக. முன் சில்லு ஏறி இறங்கியது, பின் சில்லு ஏறி இறங்கியது, ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் கண்ணைத் திறந்து, "ஏறினதோ?" என்று கேட்டீர்கள். ஜெனோஜா சிரித்த சிரிப்பில் தலைச் சோடனையில் இருந்த பூ ஒன்று கழன்று விழுந்தது. அந்தப் பூ இன்னும் சீற்றுக்குக் கீழே கிடக்கிறது, எடுக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒக்டோபரில் நான் சாவியைத் திருப்பியபோது, அது ஒருமுறை செருமி, இருமி, பிறகு கராஜ் தகரமெல்லாம் அதிர உயிர்பெற்றதே, அப்போது நீங்கள் காருக்குக் கீழே ஷொக்கோடு இருந்தீர்கள். நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன், கண் சிவந்திருந்தது. ஷொக் எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றீர்கள். புது ஷொக்கில் எண்ணெய் வெளியே வராது அண்ணா. எனக்கு முன்னால் பொய் சொல்லும்போது சஸ்பென்ஷனைப் பற்றிச் சொல்லாதீர்கள். எனக்கும் அழுகைதான் வந்தது. உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு நான் இவ்வளவு காலம் எப்படி இருந்தேன் என்று நினைத்தேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கோயிலால் வந்து கராஜைத் திறந்து, இந்தக் கடிதத்தை நிலத்தில் கண்டிருப்பீர்கள். கறுப்பியைக் கண்டிருக்கமாட்டீர்கள். எண்ணெய்க் கறையைத் தேடவேண்டாம், அந்த ஒழுகலை நான் போன மாதமே நிறுத்திவிட்டேன். கராஜ் சாவியை மச்சாள் நேற்றே தந்துவிட்டா. வழிக்கு இடியப்பமும் கட்டி, பின் சீற்றில் ஒரு மூட்டை அரிசியும் ஏற்றிவிட்டா. பாரம் இல்லாமல் போனால் கார் துள்ளுமாம், நீங்கள்தான் அவவுக்குச் சொல்லிக்கொடுத்தீர்களாம். அவவுடன் கோபிக்கவேண்டாம். கோபித்தால் நீங்களும் சமையல் பழகவேண்டி வரும்.

றொகான் எங்கள் காரில் பின்னால் வருகிறார். ஆறுதலாகத்தான் போவோம், வழியில் ஒரு இரவு தங்குவோம். பிளேன்ரீ ஒன்று ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் புறப்படுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

கேட்டிருந்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

உங்களை வாட்ஸ்அப்பில் திறந்துவிட்டேன், ஆனால் இதற்கு மறுமொழியைத் தபாலில்தான் எழுதவேண்டும். முன்பக்க ஷொக் இரண்டும் பழசு, கவனித்தீர்களோ தெரியாது. ஈஸ்டருக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நிறையை எழுதி அனுப்பவேண்டாம், வந்து சீற்றில் இருங்கள். இந்த முறை கீழே புகுந்து அளவெடுப்பது நான்.

உங்கள் தங்கச்சி,
கத்தரின்